கல்வராயன் மலையில் மண் வழியே

புதுச்சேரி நகரத்தாருக்கு ஏற்றம் என்றால் கோரிமேடுதான். கடற்கரையிலிருந்து புறப்பட்டு, பெரிய வாய்க்காலைக் கடந்து, ராஜா தியேட்டர் முக்கில் சிக்னலுக்குக் காத்து நின்று, ஜிப்மர் மருத்துவமனை அமைந்திருக்கும் அந்தச் செம்மண் மேட்டை எட்டுவதற்குள் சைக்கிளில் வருகிறவனுக்குச் சற்றே மூச்சு வாங்கும். அதற்குமேல் மூச்சு வாங்கவேண்டிய நிர்ப்பந்தத்தை இயற்கை எங்களுக்கு வைக்கவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் நூல் பிடித்தாற்போல் வகுத்துவிட்டுப் போன வீதிகளில், சமதரையில், கடற்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு மிதித்துப் பழகிய ஒருவனுக்கு மலைமேல் சைக்கிள் விடவேண்டும் என்ற ஆசை உண்டாவதற்கு ஆழ்ந்த காரணம் எதையும் நான் தேடவில்லை. வில்லியனூர் சாலையில் மேற்கு நோக்கிப் போய்க்கொண்டே இருந்தால், ஏறத்தாழ 120 கிலோமீட்டரில் கள்ளக்குறிச்சியும், அதற்கப்பால் வானத்தின் அடியில் நீலக் கோடாகக் கல்வராயன் மலையும் வந்துவிடுகின்றன என்பதைத் தேசப்படத்தில் பார்த்து வைத்திருந்தேன். பார்த்து வைத்தது வெகுநாள் உறுத்திக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான்.

உதகமண்டலத்துக்கும் கொடைக்கானலுக்கும் உள்ள கீர்த்தி கல்வராயனுக்கு இல்லை. கிழக்குத் தொடர்ச்சி மலை என்று பூகோளப் புத்தகம் கூறுவது, நம் பக்கத்தில் தொடர்ச்சியாக இல்லாமல், ஆறுகளும் பள்ளத்தாக்குகளும் அறுத்துப் போட்ட துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. ஜவ்வாது, சித்தேரி, சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்னும் அந்தத் துண்டுகளின் வரிசையில் இதுவும் ஒன்று. வடபாகத்தைச் சின்னக் கல்வராயன் என்றும் தென்பாகத்தைப் பெரிய கல்வராயன் என்றும் வழங்குவார்கள். முன்னது சராசரியாக 2700 அடி உயரமும் பின்னது 4000 அடி உயரமும் உள்ளவை. கோமுகியும் மணிமுக்தாவும் இங்கே பிறந்து, கீழே இறங்கி, வெள்ளாற்றோடு கலந்து, பரங்கிப்பேட்டைக்கருகே கடலை அடைகின்றன. மலைமேல் வாழ்பவர்கள் மலையாளிகள் என்னும் பழங்குடியினர். கேரளத்தாருக்கும் இவர்களுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து முற்காலத்தில் புறப்பட்டு வந்த சகோதரர்கள் மூவரின் சந்ததியார் தாங்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். பேசுவது தமிழ், வழிபடுவது கரிராமன் என்னும் தெய்வத்தை.

மலைக்கு முன்னால் சமவெளியைக் கடந்தாக வேண்டுமே! புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையின் விசித்திரத்தை எங்கள் ஊரார் கவனிப்பதே இல்லை. வில்லியனூர் வரை புதுச்சேரி. கண்டமங்கலம் வந்தால் தமிழ்நாடு. திருபுவனையிலும் மதகடிப்பட்டிலும் மறுபடி புதுச்சேரி. வளவனூரில் மறுபடி தமிழ்நாடு. 1954 நவம்பர் முதல் தேதி ஆட்சி கைமாறும்வரையில் இவ்விடங்களிலெல்லாம் இரண்டு ராஜாங்கங்கள் நேருக்கு நேர் நின்றன என்பதை இப்போது நினைவூட்டுவன, எல்லைக்கு எல்லை மாறும் மதுக்கடைப் பலகைகளும் பெட்ரோல் விலையும்தான். சைக்கிள்காரனுக்குப் பெட்ரோலில் நாட்டமில்லையாதலால், திருபுவனையிலும் மதகடிப்பட்டிலும் சோழர் காலத்துக் கற்றளிகளை நின்று பார்த்துவிட்டு, இரண்டு இளநீரும் குடித்துவிட்டு மேலே போனேன்.

திருக்கோவலூரில் பெண்ணையாற்றைத் தாண்டியபின் சாலை தியாகதுர்கத்துக்குப் போகிறது. ஊரின் தலைமேல் பாறை. பாறையின்மேல் கோட்டையின் சிதைவு. இந்தப் பாறைக்கும் எங்கள் நகரத்துக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1760-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை நெருக்கிக்கொண்டு வந்த காலத்தில், பிரெஞ்சுத் தளபதி லாலி, மைசூர் ஹைதர் அலியின் துணையை நாடினார். குதிரைப்படையும், பட்டினி நெருங்கிக்கொண்டிருந்த நகரத்துக்குத் தானியமும் மாட்டு மந்தைகளும் வரவேண்டும் என்பது ஏற்பாடு. அதற்குப் பிரதியாகத் தியாகதுர்கக் கோட்டை மைசூர்ப் படையின் கைக்குப் போயிற்று. படை வந்தது, ஆனால் நிலைக்கவில்லை, மைசூரில் ஹைதருக்கே ஆபத்து நேரிடவே திரும்பிப் போய்விட்டது. 1761 ஜனவரியில் ஆங்கிலேயத் தளபதி கர்னல் கூட்டிடம் புதுச்சேரி சரணடைந்தது, நகரத்தைத் தரைமட்டமாக்கினார்கள். இன்று கடற்கரையில் உல்லாசப் பிரயாணிகள் படமெடுத்துக்கொள்ளும் வெள்ளை நகரம், அந்த இடிபாட்டின்மேல் பிற்பாடு எழுப்பப்பட்டதே. நான் மேற்கே மிதித்துப் போன இதே திக்கிலிருந்துதான் அந்த மாடுகளும் மூட்டைகளும் கிழக்கே நடந்து வந்திருக்க வேண்டும். மழையில் இந்தக் கரிசல் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால், ஒரு முற்றுகையின் முடிவைப் பீரங்கி நிர்ணயித்ததா, சாலை நிர்ணயித்ததா என்ற சந்தேகம் வருகிறது.

கள்ளக்குறிச்சியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2019-இல் தனி மாவட்டத்தின் தலைநகரமாயிற்று; 2024 ஜூன் மாதத்தில், மெத்தனால் கலந்த விஷச் சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட துக்கத்தால் தேசமெங்கும் அதன் பெயர் பரவிற்று. செத்தவர்கள் கீழேயிருந்த ஏழைகள். ஆயினும் பேச்சு உடனே மலைமேல் ஏறிற்று, கல்வராயன் என்றாலே காய்ச்சும் இடம் என்று பழகிப்போன மனோபாவத்தினால். லைசென்சு பெற்ற சாராயக்கடைகளை வீதிக்கு வீதி வைத்திருக்கும் ஊரிலிருந்து போகிற எனக்கு இவ்விஷயத்தில் உபதேசம் செய்யும் யோக்கியதை கிடையாது. ஒன்று மட்டும் சொல்லலாம்: அந்தத் துயரத்துக்குப் பிறகுதான், மலைவாழ் மக்களுக்குச் சாலையும் பள்ளியும் வைத்தியமும் ஏன் சரிவரக் கிட்டவில்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கெடுத்துக்கொண்டு கேட்டது.

கச்சிராயப்பாளையத்தில் சமவெளி முடிகிறது. கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்களின் பின்னால் சக்கை வாசனையை முகர்ந்துகொண்டே போய், கோமுகி அணையின் கரையை ஒட்டித் திரும்பினால், மலை எதிரே நிற்கிறது. மேலேயுள்ள வெள்ளிமலை என்னும் ஊர் வரையில் தார்ச்சாலை, கொண்டை ஊசி வளைவுகள், மூங்கில் புதர்கள், இடையிடையே குரங்குகள். இங்கேதான் என் வண்டியின் பின்சக்கரத்திலிருந்த பெரிய பல்சக்கரத்தின் அருமை எனக்கு விளங்கிற்று. 

சைக்கிள் மலையேறிய விருத்தாந்தத்தை இவ்விடத்தில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரை ஆண்டவர்களின் தேசத்திலேயே அது நடந்தது. பிரான்சைச் சுற்றிவரும் சைக்கிள் பந்தயத்தில் 1910-ஆம் வருஷம் முதன்முறையாகப் பிரனீஸ் மலைத்தொடரின் உயர்ந்த கணவாய்களைச் சேர்த்தார்கள். அதில் தூர்மாலே என்னும் கணவாய் 2115 மீட்டர் உயரம். அக்காலத்தில் ஆட்டிடையர்களும் மாட்டு வண்டிகளும் போகும் வெறும் மண் பாதை. அதைச் சோதித்து வரப் போன ஸ்தேன் என்பவர், பனியில் மோட்டார் வண்டி புதைந்துபோக, இருட்டில் நடந்து, உயிர் பிழைத்ததே அதிர்ஷ்டம் என்ற நிலையில் மறுபக்கம் இறங்கினார். இறங்கியவர் பந்தயத்தின் அதிபதி தெக்ராஞ்சுக்குத் தந்தி அடித்தார்: கணவாயைக் கடந்தாயிற்று, சாலை மிக நன்று, தாராளமாகப் போகலாம் என்று! அந்தத் தந்தியை நம்பி ஏறியவர்களில் ஒருவரான லாபீஸ், பக்கத்துக் கணவாயின் உச்சியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, நின்றிருந்த உத்தியோகஸ்தர்களைப் பார்த்துக் கொலைகாரர்கள் என்று ஏசினார். அவரேதான் அவ்வருஷம் வெற்றியும் பெற்றார் என்பது வேறு விஷயம். சாலையைப் பற்றிய அறிக்கைகளுள் நான் படித்தவற்றில் இதைக் காட்டிலும் சுவாரசியமானது இல்லை; இந்நாட்டு அலுவலகக் கோப்புகளில் இதன் வம்சம் இன்னும் விருத்தியாகிக்கொண்டிருக்கிறது.

அவர்கள் வண்டிகளில் இன்றைய கியர் கிடையாது. ஏற்றத்தின் அடிவாரத்தில் நிறுத்தி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபக்கத்துப் பல்சக்கரத்தில் செயினைப் போட்டுக்கொண்டு ஏறுவார்கள். சேந்த்-எத்தியேன் நகரத்துப் பால் தெ விவீ என்பவர், வெலோசியோ என்ற புனைபெயரில், ஓடும்போதே மாற்றக்கூடிய பல கியர்கள் வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் எழுதிக்கொண்டிருந்தார். அது கிழவர்களுக்கானது என்று தெக்ராஞ்சு ஏளனம் செய்தார். பந்தயத்தில் அதை அனுமதிக்க 1937 வரையாயிற்று. வெள்ளிமலை ஏற்றத்தில், முன்னால் சின்னப் பல், பின்னால் பெரிய பல் என்று செயினைப் போட்டுக்கொண்டு, நடக்கிற வேகத்தில், ஆனால் இறங்காமல் ஏறிக்கொண்டிருந்தபோது, வெலோசியோவுக்கு மனதுக்குள் ஒரு நமஸ்காரம் செய்தேன். நானும் ஏறக்குறைய அந்தக் கிழவர் கட்சிதான்.

வெள்ளிமலை ஒரு சின்னக் கடைத்தெரு, வட்டார அலுவலகம், பள்ளிக்கூடம், இரண்டு மூன்று டீக்கடை. அதற்கு மேற்கே போகப் போகத் தார் மெலிந்து, ஓரம் அரிக்கப்பட்டு, தீவுகளாகி, கடைசியில் இல்லாமலே போய்விடுகிறது. நான் வந்த காரியம் அப்போதுதான் ஆரம்பமாயிற்று.

மண் சாலையில் சைக்கிள் விடுவது தார்ச்சாலையில் விடுவதினின்றும் ஜாதியில் வேறான வித்தை. தாரில் கண் தூரத்தில் இருக்கும், மனம் எங்கேயோ இருக்கும். மண்ணில் கண்ணும் மனமும் முன்சக்கரத்துக்கு இரண்டு கஜத்துக்குள் கட்டுண்டு கிடக்கின்றன. முதலில் டயரின் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட வேண்டும். கல்லுப்போல் காற்றடைத்த சக்கரம் ஒவ்வொரு பரலிலும் துள்ளும், காற்றுக் குறைந்தது பரலைத் தழுவிக்கொண்டு போகும். டிராக்டரும் ஜீப்பும் ஓடி உண்டான இரண்டு தடங்களில் எது கெட்டி என்று அடிக்கு அடி தெரிந்தெடுக்க வேண்டும். நடுவரம்பில் புல் முளைத்திருப்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதும் சுலபமில்லை. வண்டிகள் பிரேக் பிடிக்கும் இறக்கங்களில் மண் அலையலையாக மடிந்து, ஹேண்டில்பார் வழியாகப் பல்லை ஆட்டிவிடுகிறது. நிழலில் ஈரம் காயாத இடங்களில் செங்களிமண் டயரில் அப்பிக்கொண்டு, மட்கார்டுக்குள் திரண்டு, சக்கரத்தை நிறுத்தியே விடும். அப்போது இறங்கி, ஒரு மூங்கில் சிம்பை ஒடித்து, மண்ணைக் குடைந்து எடுத்துத்தான் மேலே போகவேண்டும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் பிடிமானமின்றிச் சுழலும். உட்கார்ந்தே, முன்னால் குனிந்து, மெதுவாக, விடாமல் மிதிப்பது ஒன்றே மார்க்கம். மணிக்கு ஐந்து ஆறு கிலோமீட்டர் போனால் அது உத்தமமான வேகம்.

அந்த வேகத்தில் கண்ணுக்குத் தப்புவது ஒன்றுமில்லை. சரிவுகளில் சாமையும் கேழ்வரகும். அவற்றை நாளுக்கு நாள் தள்ளிக்கொண்டு வரும் மரவள்ளி, சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்காக. வீட்டு வாசல்களில் பாயில் காயும் கடுக்காய். தோல் பதனிடுவோருக்கும் நாட்டு வைத்தியருக்கும் வேண்டிய இந்தக் கடுக்காயைப் பொறுக்கி விற்பது இம்மலையின் பழைய ஜீவனோபாயங்களில் ஒன்று. ஒரு வாசலில் நின்று ஒரு காயைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மஞ்சளும் பழுப்புமாக, நெடுக வரிவரியாக, சுருங்கிய தோலோடு, நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. கடித்துப் பார்த்ததும் துவர்ப்பு நாக்கை ஒரு நாழிகை நேரம் பூட்டிப்போட்டுவிட்டது. அதன்பின் குடித்த தண்ணீர் தித்தித்தது.

ஒரு நீண்ட ஏற்றத்தின் நடுவில், பழைய சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு போன பெரியவர் ஒருவரை எட்டிப் பிடித்தேன். கேரியரில் ஒரு மூட்டை, பாருக்கடியில் ஒரு மூட்டை, இரண்டும் புளி. பிரேக்குக் கட்டை இருந்த இடத்தில் வெறும் கம்பி. இறக்கத்தில் எப்படி நிறுத்துவார் என்பது சற்று நேரத்தில் தெரிந்தது, செருப்புக் காலைப் பின்சக்கரத்தின்மேல் அழுத்திக்கொண்டே இறங்கினார். ஏற்றத்தில் அவரும் நானும் ஒரே வேகம். ஆகையால் பேச அவகாசம் இருந்தது.

“எந்தூருங்க?” என்றார்.

“பாண்டி, ஐயா.”

“பாண்டியிலேருந்து இதுலேயேவா மிதிச்சிக்கிட்டு வர்றீங்க? பஸ்ஸு ஓடலீங்களா?”

“ஓடுதுங்க. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

அவர் நின்றார். மூட்டையை முழங்காலால் முட்டுக் கொடுத்துக்கொண்டு, எனக்கு முன்னாலும் பின்னாலும் பார்த்தார்.

“என்னத்த பாக்கறது? இந்த ரோட்டையா? தாரு போட்டப்புறம் வாங்க, அப்ப பாக்க நல்லாருக்கும்.”

நகரத்தில் இதைச் சொல்லும்போது சிரிக்கிறார்கள். ஆனால் அவர் பரிகாசமாகச் சொல்லவில்லை. ஒரு சாலையை நல்லது என்பதற்கு அவரிடம் இருந்த அளவுகோல், அதன்மேல் எதைக் கொண்டுபோக முடியும் என்பதே. புளி மூட்டை சந்தைக்குப் போகவேண்டும். பிரசவ வேதனையில் இருப்பவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தூக்கிப் போகிறவர்கள் மாற்றி மாற்றித் தோள் கொடுக்கும் தூளிக் கட்டையின் காய்ப்பு அவருடைய தோளிலும் இருந்திருக்கலாம். நான் கொண்டுபோனதோ ஒரு மாற்றுச் சட்டையும், பஞ்சர் ஒட்டும் சாமானும், வேடிக்கை பார்க்கும் ஆசையும். லாலியின் மாடுகளுக்கும் இந்தப் பெரியவரின் புளிக்கும் சாலை எப்படி இருக்கவேண்டுமோ, அதற்கும் என் ரசனைக்கும் சம்பந்தமில்லை. மண் பாதையின் அழகைப் பாடுகிற பிரயாண நூல்களில் எனக்கு இப்போது பாதி நம்பிக்கை போய்விட்டது; அவற்றை எழுதியவர்கள் எல்லோரும் மறுநாள் தார்ச்சாலைக்குத் திரும்பியவர்கள்.

இந்தச் சாலை ஏன் இன்னும் மண்ணாகவே இருக்கிறது என்பதற்குக் காரணங்கள் சோம்பலில் மட்டும் இல்லை. விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் அளித்தது என்று சொல்லப்படும் உரிமையின்மேல், சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்னும் மூன்று ஜாகீர்தார்களின் வசம் இம்மலை நெடுங்காலம் இருந்தது. வெள்ளைக்கார சர்க்காரும் அதை அப்படியே விட்டுவைத்தது. சுதந்திரம் வந்தபின்னும், 1976-இல்தான் அது முழுமையாக அரசாங்கத்தின் நேர்ப் பார்வைக்கு வந்தது. எங்கள் புதுச்சேரி பிரான்சிடமிருந்து சட்டப்படி 1962-இல் விடுபட்டதையே தாமதம் என்று சொல்கிறோம். சென்னைக்கு இவ்வளவு சமீபத்தில் இருந்த ஒரு மலை அதற்கும் பதினான்கு வருஷம் பின்தங்கிற்று. பிறகு, 1980-இன் வனப் பாதுகாப்புச் சட்டம்: காப்புக் காட்டின் ஊடே ஒரு பாதையை அகலப்படுத்தித் தார் போடவேண்டுமானால் அனுமதி மேலேயிருந்து வரவேண்டும். 2006-இன் வன உரிமைச் சட்டம் இதில் ஒரு கதவைத் திறந்தது. கிராம சபை பரிந்துரைத்தால், ஒரு ஹெக்டேருக்குக் குறைந்த நிலத்தில், ஹெக்டேருக்கு எழுபத்தைந்து மரங்களுக்கு மேல் வெட்டாமல், சாலையோ பள்ளியோ அமைத்துக்கொள்ளலாம். கதவு திறந்திருப்பதும் அதன் வழியாக ஜல்லி லாரி வருவதும் ஒன்றல்ல.

காட்டிலாகாவைக் குறை கூறுவது சுலபம். ஆயினும் தார் வந்த இடங்களில் சந்தன மரமும் தேக்கும் எவ்வளவு வேகமாக இறங்கிப் போயின என்பதையும் இந்த மலைகள் கண்டிருக்கின்றன. சாலை என்பது இரண்டு பக்கமும் ஓடும் வஸ்து. இருந்தபோதிலும், மரத்தைக் காப்பாற்றுவதற்காக நோயாளியைத் தூளியில் தூக்கிப்போகும் தண்டனையை யார் ஏற்பது என்று கேட்டால், ஏற்கச் சித்தமாயிருப்பவர் நகரத்தில் ஒருவரும் இல்லை. என் வோட்டு தாருக்குத்தான்.

மேற்கு விளிம்பை எட்டியபோது மத்தியானம் சாய்ந்திருந்தது. கீழே தருமபுரி மாவட்டத்தின் பள்ளத்தாக்கு. எதிரே சித்தேரி மலை. இறக்கத்தின் முதல் பகுதியில் மழைநீர் அறுத்த ஓடை பாதையின் குறுக்கே பாய்ந்து, பெருங்கற்களை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. அங்கே சைக்கிளை மிதிப்பது வீண் வீரம் என்று தோளில் தூக்கிக்கொண்டேன். அடுத்த பகுதியில் இரண்டு பிரேக்குகளையும் விட்டுவிட்டுப் பிடித்து, விட்டுவிட்டுப் பிடித்து இறங்கியதில் விரல்கள் மரத்துப்போயின. நிறுத்தித் தொட்டுப் பார்த்தால் ரிம் சுட்டது. பின்சக்கரம் வேறு லேசாக ஒரு பக்கம் உரசிற்று. கோட்டம் எடுக்கக் கடை கிடையாதாகையால், ஸ்போக் சாவியை வைத்துக்கொண்டு ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து, தளர்ந்த கம்பிகளை முறுக்கி, ஒருவாறு நேராக்கினேன். அதைச் சூழ்ந்து நின்ற பிள்ளைகளில் ஒரு பெண்குழந்தை, எந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது என்பதை விரலால் சுண்டிப் பார்த்து எனக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டாள்.

கோட்டப்பட்டிப் பக்கம் இறங்கியபின் கிடைத்த தார்ச்சாலையில் தெற்கே திரும்பினால் சித்திலிங்கி. 1993-இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் டாக்டர் தம்பதி இப்பள்ளத்தாக்குக்கு வந்து, ஒரு கூரைக் கொட்டகையில் வைத்தியம் ஆரம்பித்தார்கள். அந்நாளில் பெரிய வைத்தியத்துக்கு அரூர் வரையிலோ அதற்கும் அப்பாலோ போகவேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி இப்போது கட்டடங்களோடு நிற்கிறது. உள்ளூர்ப் பெண்களையே பயிற்றுவித்து நர்சுகளாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் ஆக்கியிருக்கிறார்கள். மலையின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு மண் வழியே வர எனக்கு ஒரு பகற்பொழுதின் பெரும்பகுதி பிடித்தது என்று அங்கே ஒருவரிடம் சொன்னேன். தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அதைவிடச் சீக்கிரம் வந்துவிடுவார்கள் என்றார் அவர், சாதாரணமாக.

போக நினைப்போருக்குச் சில குறிப்புகள். மார்கழி முதல் மாசி வரை உகந்த காலம். ஐப்பசி, கார்த்திகையில் களிமண் விடாது, சித்திரையில் ஓடைகளில் தண்ணீர் இராது. ஒன்றே முக்கால் அங்குலத்துக்குக் குறைந்த டயர் உதவாது. வெள்ளிமலையைத் தாண்டினால் பஞ்சர் கடை கிடையாது. டியூப் இரண்டு கையில் வேண்டும். காப்புக் காட்டுக்குள் இராத் தங்க வனத்துறையின் அனுமதி தேவை. ஊருக்குள் தங்கினால் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் இடம் கொடுப்பார்கள், களியும் கீரையும் கொடுப்பார்கள், காசு கொடுத்தால் வருத்தப்படுவார்கள். பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொண்டுபோனால் வாங்கிக்கொள்வார்கள். திரும்பும்போது அரூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் பஸ் உண்டு. சைக்கிளைக் கூரையில் ஏற்றுவதா கூடாதா என்பது கண்டக்டரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது.